நாலு வீட்டு ரசம்

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்னும் ஆத்திரம் அடங்கல. லட்சுமி மேலயா, என் மேலயான்னும் தெரியல.

முந்தாநாள் பக்கத்து வீட்டு கமலா அக்கா புருஷன் தவறிட்டாரு. சாவு வீட்டுல அடுப்பு மூட்டக்கூடாது. சோறு அவங்க தம்பி கொண்டாந்துட்டாரு. குழம்பு மட்டும் எங்க எஸ்டேட் லைன்ல நாலு வீடும் கொண்டுபோகணும். இன்னைக்கு தேயிலைக் கொழுந்து எடை போட்டுட்டு வந்து, அவசரமா வெச்சு எடுத்துட்டுப் போனேன். மூடிய ஒண்ணொண்ணா தொறக்குறோம். நாலு சட்டியிலயும் ரசம்!

ஈப்போவுல இருந்து வந்த சொந்தக்காரங்க தட்டோட உக்காந்திருக்காங்க. கடைசி வீட்டு லட்சுமி என்னப் பாத்து, "நீ சாம்பார் வைப்பேன்னு நெனச்சேன் லா"ன்னா. வந்துச்சே கோவம். "பருப்பு விக்கிற வெலைக்கு நான் மட்டும் என்ன கப்பல்லயா எறக்குறேன்?"னு எல்லார் முன்னாடியும் கத்திட்டேன்.

கம்போங் ராஜா டவுன் கடைக்காரரக் கேட்டா, உலகம் பூரா ஏறிருச்சு, நான் என்ன செய்யங்கிறாரு. எங்க சம்பளம் மட்டும் இந்த உலகத்துல இல்லையா? பக்கத்து ஊரு திரிங்காப்ல வெளையுற கோஸு லாரி லாரியா போகுது, அதையும் தொட முடியல.

கமலா அக்கா மூலையில உக்காந்தபடியே, "எல்லா வீட்டுலயும் இதே கததானா"ன்னாங்க.

வீட்டுக்கு வந்து அலமாரியத் தொறந்தேன். ஞாயித்துக்கெழம மகன் கோலாலம்பூர்ல இருந்து வர்றான்னு ஒளிச்சு வெச்ச அரை கிலோ பருப்பு டின்னுல அப்படியே இருக்கு. நான் கத்துனப்பவும் இங்கதான் இருந்துச்சு.

மொத்தத்தையும் ஊறப் போட்டுட்டேன். விடிஞ்சதும் அக்கா வீட்டுக்கு சாம்பார் போகும். ஞாயித்துக்கெழம எம் மகனுக்கு ரசம்தான்.