உனக்காக வேகம் கூட்டிய சின்னக் கம்ப்யூட்டர்

ஆனையூர் முழுக்கத் தன் குரலால் நிறைத்துவைத்திருந்த என் மாப்ள சந்திரனுக்கு,

நேற்று சாயங்காலம் கயல் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். உன் மகளும் உன்னைப் போலவேதான், நலம் விசாரிப்பதற்கு முன்பே விஷயத்துக்கு வந்துவிடுவாள். "மாமா, அப்பா பேசுனது ஏதாச்சும் ரெக்கார்டிங் இருக்கா? கொஞ்சூண்டு இருந்தாக்கூடப் போதும். அதே குரல்ல நாம எழுதிக் குடுக்குறதையெல்லாம் பேச வைக்க இப்ப ஆப் வந்திருக்கு. தாத்தா எப்படிப் பேசுவாருன்னு இவன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

இவன் என்றால் உன் பேரன். பள்ளிக்கூடம் போகிறான். நீ பார்க்கவில்லை.

தேடினோம் மாப்ள. என் தங்கை செல்வி பரண் மேல் ஏறிப் பழைய கல்யாண சி.டி.க்களையெல்லாம் இறக்கினாள். ஒவ்வொன்றிலும் நீ மைக்கைப் பிடித்தபடி இருக்கிறாய், வாய் அசைகிறது, எதிரே ஆட்கள் சிரிக்கிறார்கள். ஆனால் வீடியோக்காரர்கள் உன் குரல் மேல் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டார்கள். ஊரெல்லாம் கேட்ட குரல் எங்கள் வீட்டில் ஒரு சொட்டு இல்லை. கயலிடம் "இல்லம்மா" என்று சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

அப்போதிலிருந்து அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் ஞாபகமாகவே இருக்கிறது. உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் ஒரு முறை முழுசாக உன்னிடம் சொல்லிப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

நாம் இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பிறகு நீ என் தங்கை செல்வியைக் கட்டிக்கொண்டாய், அன்றிலிருந்து எனக்கு நீ மாப்ள, உனக்கு நான் மச்சான். நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலைக்குப் போனேன். நீ மைக் செட் கடை போட்டாய். மற்றக் கடைகளில் உன்னுடையதைவிட நல்ல ஸ்பீக்கர்கள் இருந்தன. ஆனாலும் காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா எதுவானாலும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். செட்டுக்காக இல்லை, உன் பேச்சுக்காக.

"அந்தத் தூணுக்குப் பக்கத்துல நிக்கிற மஞ்சச் சட்டை அண்ணே! பந்தியில எடம் இருக்கு, வாங்க. மொறைச்சுப் பாக்காதீங்க, நான் சம்பந்தி இல்ல, மைக் செட்டு!" இப்படி எதையாவது சொல்லி முகம் கோணியிருப்பவரையும் சிரிக்க வைத்துவிடுவாய்.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். அவர் சொன்னபோது நீ என்னைப் பார்த்தாய், நான் ஜன்னலைப் பார்த்தேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள்கூட வார்டில் எல்லோரையும் கேலி செய்துகொண்டிருந்தாய். அதையாவது செல்போனில் பதிவு செய்திருக்கலாம். ஏன் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை? பதிவு செய்தால் அதுதான் கடைசி என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்ற பயமா?

கழுத்தில் துளையும் அதன் மேல் ஒரு வெள்ளைத் துணியுமாக வீட்டுக்கு வந்தாய். சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினாய். உன் கையெழுத்து உனக்கே புரியாது, மாப்ள. செல்வி வெங்காயம் என்று படித்தது வெந்நீராக இருக்கும். நீ காகிதத்தைக் கசக்கி எறிவாய்.

கம்ப்யூட்டரைப் பேச வைக்கலாம் என்று யாரோ சொல்லித்தான் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடைக்குப் போனோம். கடைக்கார பாய் பெரிய லேப்டாப்புகளாக எடுத்து வைத்தார். நீ மூலையில் கிடந்த குட்டியைக் காட்டினாய். நெட்புக் என்றார் பாய். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிது, விலையும் மலிவு.

"தமிழ் பேசுமா பாய்?" என்று நான் கேட்டேன்.

"பேச வச்சுத் தாரேண்ணே. ஆனா மனுசன் மாதிரிப் பேசாது, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி இருக்கும். வேகமும் கம்மி. பெருசாப் பாருங்களேன்."

நீ தலையாட்டினாய். காகிதத்தில், எனக்குப் புரிய வேண்டும் என்று நிதானமாக, 'எனக்கு இது போதும்' என்று எழுதிக் காட்டினாய். எத்தனை நாளைக்கு என்று கணக்குப் போட்டு அதை எழுதினாய்? அன்று நான் கேட்கவில்லை. இன்று கேட்டால் சொல்ல நீ இல்லை.

முதல் நாள் கூத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஆங்கில எழுத்தில் நீ தட்டியதைத் தமிழாக்கி, தகரத்தைத் தேய்ப்பது போன்ற ஓர் ஆண் குரலில் அது, "செல்-வி. கா-பி." என்றது. அடுப்படியிலிருந்த என் தங்கை கரண்டியோடு ஓடிவந்தாள். "எவன்டா அது வீட்டுக்குள்ள!" நீ குலுங்கினாய். சத்தம் வரவில்லை, ஆனால் அது சிரிப்புதான்.

சிக்கல் அதன் வேகத்தில் இருந்தது. நீ தட்டி முடித்தபின் அது யோசிக்கும், திரை அப்படியே நின்றுவிடும். டீக்கடையில் நாங்கள் மழையைப் பற்றிப் பேசும்போது நீ பதில் தட்டுவாய். நாங்கள் தேர்தலுக்குப் போனபிறகு அது மழையைப் பற்றிப் பேசும். பேச்சில் ஜெயிப்பதே நேரத்தில்தான் என்று சொல்லித் திரிந்தவன் நீ. போகப் போக நீ டீக்கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாய்.

ஒரு நாள் அந்த டீக்கடையில் வடை ஊசிப்போனதைச் சொல்ல நீ எதையோ தட்ட, கம்ப்யூட்டர் நின்றுபோனது. சலித்துப்போய் மூடிப் பையில் வைத்தாய். அங்கிருந்து நேரே நாகமலைப் பக்கம் ஒரு கேத வீட்டுக்குப் போனோம். இறந்தவரின் மகன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே என்று கம்ப்யூட்டரைத் திறந்தாய். முழுச் சத்தத்தில், "வ-டை ஊ-சிப் போச்-சு. மாத்-திக் கு-டு" என்றது அது.

அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த நீ என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாய். சிரிக்கிறாய் என்று நினைத்தேன். என் சட்டை நனைந்த பிறகுதான் தெரிந்தது.

மறுவாரமே பாய் கடைக்குப் போனோம். அடியிலிருந்த மூடியைத் திருகிக் கழற்றி நினைவகத்தை இரண்டு மடங்காக்கினார். சுற்றும் டிஸ்க்கை எடுத்துவிட்டு அசையாத புது வகை டிஸ்க் போட்டார். கனமான சாப்ட்வேரை நீக்கிவிட்டு இலேசான ஒன்றை ஏற்றினார். புது பேட்டரியும் போட்டாயிற்று. "இதுக்கு மேல இதுல ஏத்த எடம் இல்லண்ணே. சின்ன வண்டி, இழுக்குற மட்டும் இழுக்கும்."

இழுத்தது. நீ தட்டினால் பட்டென்று பேசியது. அந்த வாரம் செல்வியோடு பழைய மாதிரிச் சண்டை போட்டாய். "இது ஊமையாவே இருந்திருக்கலாம்ணே" என்று அவள் என்னிடம் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். நாங்கள் எல்லோரும் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தோம்.

அப்போதுதான் கயலுக்கு வரன் அமைந்தது, திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். 'ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் வரவேற்புச் சொன்னவன், என் மகள் கல்யாணத்தில் பேசாமல் இருப்பேனா' என்று கம்ப்யூட்டரைக் கேட்க வைத்தாய். பல நாட்கள் உட்கார்ந்து திருத்தித் திருத்திப் பேச்சைத் தயார் செய்தாய். 'சம்பந்தி' என்ற சொல்லை அது கடித்துத் துப்புகிறது என்று எழுத்தை மாற்றி மாற்றிப் பார்த்தாய். உன் மைக் செட்டை நீயே மண்டபத்தில் கட்டினாய், யாரையும் தொட விடவில்லை.

முகூர்த்தத்துக்கு முன்பு மேடையோரம் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாய். நிற்கவில்லை, திக்கவில்லை. ஸ்பீக்கர் முழுக்க அந்தத் தகரக் குரல் உன் வார்த்தைகளைச் சொன்னது. நானும் செல்வியும் கைகோத்து நின்றோம்.

யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மாப்ள. ஏதோ விளம்பரம் ஓடுகிறது என்று நினைத்துவிட்டார்கள். சிரிப்புக்காக நீ விட்டிருந்த எந்த இடத்திலும் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், கெட்ட எண்ணம் ஏதுமில்லாமல்தான், கையை ஆட்டினார். "அந்த ரெக்கார்டை நிறுத்தச் சொல்லுங்கப்பா, நாதஸ்வரம் கேக்கல."

நீ மூடியைச் சாத்தினாய். வேட்டியில் ஏதோ தூசி இருப்பதுபோலத் தட்டிக்கொண்டே இருந்தாய்.

மணவறையிலிருந்து கயல் அதைப் பார்த்திருக்கிறாள். தாலி ஏறியதும், அடுத்த சடங்குக்குக் கூப்பிட்டவர்களிடம் "ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டு மாலையோடு இறங்கி வந்தாள். உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு மைக்கைக் கையில் எடுத்தாள்.

"அப்பா, நீங்க அடிங்க. நான் படிக்கிறேன்."

நீ அடித்தாய், அவள் படித்தாள். "எங்கப்பா சொல்றாங்க. இது ரெக்கார்டு இல்லையாம். பொண்ணப் பெத்தவனாம்." மண்டபம் சட்டென்று அடங்கியது. "எம் மகளுக்குக் காலையில எந்திரிச்சதும் பேசப் பிடிக்காது. மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பா. காபி குடுத்துட்டுத் தள்ளி நின்னுக்கங்க மருமகனே." கூட்டம் வெடித்துச் சிரித்தது. நீ விட்டிருந்த அதே இடத்தில், அதே சிரிப்பு. அடுத்த வரியைப் படிக்க முடியாமல் அவள் நிறுத்தினாள். நீ வேகமாக இன்னும் இரண்டு சொல் அடித்தாய். அவள் அதையும் படித்துவிட்டாள்: "அழாம படி."

நிறுத்தச் சொன்ன பெரியவர் எழுந்து வந்து உன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது, இன்று வரை அப்படித்தான். அத்தனை மாதம் அந்த மெஷினுக்கு என்னென்னவோ மாற்றினோம். உன் தோளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, உன்னை நன்றாகத் தெரிந்த குரலில் வாய்விட்டுப் படித்திருந்தால் போதும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த எனக்கு உன் இழுப்பு, உன் நிறுத்தம், உன் நக்கல் எல்லாம் அத்துப்படி. டீக்கடையில் நானே உன் வாயாக இருந்திருக்கலாம். கம்ப்யூட்டர் பேசும் என்று அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேனே.

அதற்குப் பிறகு நீ அடித்ததை நானே படித்தேன். ஆனால் உனக்கு நாள் இல்லை. நோய் திரும்பி வந்தது, விரல்கள் தளர்ந்தன, வரிகள் வார்த்தைகளாகச் சுருங்கின. நீ போன மாலையில் செல்வி அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அது உடனே விழித்துக்கொண்டது, அம்புட்டு வேகம். தட்டத்தான் ஆள் இல்லை.

செல்வி நன்றாக இருக்கிறாள். மைக் செட்டை வாடகைக்கு மட்டும் விடுகிறாள், பேசுவதற்கு யாரையும் அனுப்புவதில்லை. கயலுக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். "ஆப் வேணாம்மா. அப்பா சொன்னதையெல்லாம் நீயே அப்பா மாதிரிச் சொல்லிக் காட்டு, உனக்குத்தான் அது வரும்." "ம்" என்றாள்.

இன்னொரு சேதி. போன மாதம் ஆபீஸ் நண்பரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கத்துக் கட்டிலில் தங்கராசு என்று அவனியாபுரத்துத் தச்சர், உனக்குச் செய்த அதே ஆபரேஷன். அவர் கையில் நல்ல போன் இருக்கிறது, எழுதினால் செய்தி வாசிப்பவர்போலத் தெளிவாகப் பேசுகிறது. ஆனால் அவர் மனைவி மாரியம்மா அது பேசும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "யாரோ பேசுற மாதிரி இருக்குய்யா. இவுக பேசுற மாதிரி இல்ல" என்றார் என்னிடம். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

நான் போனின் சத்தத்தை அடைத்துவிட்டு, "நீங்க அடிங்கண்ணே" என்றேன். அவர் அடித்ததை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, கொஞ்சம் கெஞ்சலாகப் படித்தேன். "அன்னைக்குக் கஞ்சியத் தள்ளிவிட்டது உன் மேல கோவத்துல இல்ல புள்ள. முழுங்க முடியல, அதான்."

அந்த அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இத சொல்லத்தான் இம்புட்டு நாளா? நான் என்ன தப்புப் பண்ணேனோன்னு தூங்காமக் கெடந்தேன்யா" என்றபடி கணவரின் காலைத் தடவிக் கொடுத்தார். தச்சர் இன்னும் ஒரு வரி அடித்து என் பக்கம் நீட்டினார். நாளைக்கும் வருவீர்களா என்று இருந்தது.

"வாரேண்ணே" என்றேன்.

மறுநாளும் போனேன், இப்போதும் போய்க்கொண்டிருக்கிறேன். அவர் வீடு திரும்பினால் அவனியாபுரத்துக்குப் போவேன். அவருக்குப் பின் அந்தக் கட்டிலுக்கு யார் வந்தாலும் அவர் பக்கத்தில் போய் உட்காருவேன். என் குரல் இருக்கும்வரை அதை இரவல் கொடுத்துக்கொண்டே இருப்பேன், மாப்ள. இது உனக்குத் தரும் வாக்கு.

உன்னோடு பேச வேண்டிய நேரத்தில் பேசத் தெரியாமல் நின்ற,
செல்வியின் அண்ணன்,
உன் மச்சான்
முருகேசன்