பேக்கிங்கைத் தொடாதே

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால் பக்கத்து அறையிலிருந்து "இப்போ என்ன?" என்று அலுத்துக்கொள்ள நீங்கள் இல்லை. முப்பது வருஷமாக இப்படியே கூப்பிட்ட வாய், வேறு எப்படி ஆரம்பிக்கும்?

திலக் நகரில் இன்னும் மழை வரவில்லை. நாள் முழுக்க உடம்பெல்லாம் பிசுபிசுப்பு. நேற்று முலுண்டிலிருந்து நம் ஜெனி வந்திருந்தாள், உங்கள் மீன்பிடி ரீலில் நூல் சுற்ற.

ஆமாம், அந்த ரீல்தான். ரிட்டையர் ஆனதும் இமாச்சல் ஆற்றில் தூண்டில் முனையில் செயற்கை ஈயைக் கட்டி மீன் பிடிக்கப் போகிறேன் என்று வாங்கினீர்களே. "பிடிச்ச மீனத் திரும்ப ஆத்துலயே விடுவீங்களாக்கும்? அதுக்கு வீட்டுலயே உக்காந்து ஈ ஓட்டலாம்" என்று சிரித்தேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே நீங்கள் எடுக்கவில்லை. ஏன் அப்படிச் சிரித்தேன்?

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் ஃப்ரிட்ஜில் ஒரு சீட்டு ஒட்டினீர்கள். "பேக்கிங்கைத் தொடாதே. வந்து நானே சுற்றிக்கொள்கிறேன்." ரெண்டே நாளில் வந்துவிடுவேன் என்றீர்கள். வந்தீர்கள், ஆம்புலன்ஸில்.

இந்த ஒரு பேச்சையாவது கேட்போம் என்று, ரீல் வந்த அட்டைப்பெட்டி, தெர்மோகோல் எல்லாவற்றையும் ஒன்பது மாதமாகக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். கரப்பான் வராமல் நாப்தலின் உருண்டை வேறு போட்டிருந்தேன்.

நேற்று ஜெனி மொபைலில் வீடியோ பார்த்துக்கொண்டே, "மம்மி, ஃபர்ஸ்ட் பேக்கிங் வேணும்" என்றாள். நான் பெருமையாக அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன்.

"அரே மம்மி, சாமான் பொதியுற பேக்கிங் இல்ல. பேக்னா பின்னால, அந்த பேக்கிங்! ரீல்ல அடியில சுத்துற நூலு. அதுக்கு மேலதான் மெயின் லைன். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்தா?" என்று ஃப்ரிட்ஜில் இன்னும் ஒட்டியிருக்கிற உங்கள் சீட்டைப் பார்த்துச் சிரித்தாள். "ஆரஞ்சு கலர்ல ஒரு நூல்கண்டு இருந்துச்சே, எங்க?"

ஷோகேஸிலிருந்து எடுத்து நீட்டும்போதுதான் எனக்கு உறைத்தது.

உங்களை ஹாலில் கிடத்தியிருந்தபோது, சர்ச்சிலிருந்து வந்த அக்கா ஒருத்தி, "கால் பெருவிரலச் சேத்துக் கட்டணும், ஒரு நூல் எடும்மா" என்றாள். ஷோகேஸில் கைக்கு எட்டியது அந்த ஆரஞ்சு நூல்கண்டுதான். பல்லால் கடித்தேன், அறவில்லை. கத்தரியால் நான்தான் வெட்டிக் கொடுத்தேன். அந்தக் கட்டோடுதான் உங்களைப் பெட்டியில் வைத்து மூடினார்கள்.

தொடாதே என்று நீங்கள் எழுதி வைத்தது அதைத்தானே?

ஜெனியிடம் சொன்னேன். வீடியோவை நிறுத்திவிட்டு என் மடியில் படுத்து அழுதாள். பிறகு நூல்கண்டில் பென்சிலைச் செருகி அவள் பிடித்துக்கொள்ள, நான் ரீலின் நடுத்தண்டில் முடிச்சுப் போட்டுச் சுற்றினேன். தொய்யக் கூடாது, ஒரே பக்கமாகக் குவியக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதன் நுனியில் பச்சை லைனைக் கட்டி அதையும் சுற்றி முடித்தோம். ஒரு முழம் குறைந்தது ரீலைப் பார்த்தால் தெரியவே இல்லை. எனக்குத் தெரிகிறது.

மீன் மொத்த லைனையும் இழுத்துக்கொண்டு ஓடினாலும் இந்த அடிநூல் விடாதாம். ஜெனி சொல்கிறாள். நீங்கள் மட்டும் எப்படிப் போனீர்கள்?

சனிக்கிழமை ஜெனியும் நானும் ரயிலேறுகிறோம். தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிற நான், அந்த ஆற்றில் முழங்கால்வரை இறங்குவேன். மீன் சிக்கினால் சிரிக்காமல் ஆற்றிலேயே விடுவேன். இது சத்தியம்.

அந்த ஒரு முழத்தை நீங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி என்னிடம் இருக்கிறது.

உங்கள் மனைவி,
ஜெனியின் அம்மா,
ஸ்டெல்லா