டிரில் மாஸ்டரின் பிள்ளை

1973 நவம்பர் 24, சனி

மயிலாப்பூரில் இன்று பள்ளிகளுக்கிடையிலான பூப்பந்து இறுதி ஆட்டம். எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர் கோதண்டம் தோற்பதைப் பார்க்கத்தான் போனேன். இரண்டு வருஷமாக என் மகன் ரகுவை அணியில் சேர்க்காமல், தன் பிள்ளை சேகரைக் கேப்டனாக வைத்திருப்பவர்.

சேகர் பிரமாதமாக ஆடினான். ஜெயிக்க இரண்டு புள்ளிதான் பாக்கி. அப்போது அவன் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததாக நடுவர் சொல்லிவிட்டார். பையன் மட்டையை வீசி எறிந்தான்.

“இன்னா சார், கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?”

கோதண்டம் எழுந்தார். “வெளிய வாடா.”

“நைனா, இன்னும் ரெண்டே பாயிண்ட்டு!”

“சாராண்ட மன்னிப்பு கேட்டுட்டு வந்து குந்து.”

அவனுக்குப் பதிலாக இறங்கிய பையனால் சமாளிக்க முடியவில்லை. இந்த வருஷம் பள்ளிக்குக் கிடைக்கவிருந்த ஒரே கோப்பை போயிற்று. கோதண்டம் நடுவரின் கையைக் குலுக்கினார். பிறகு அழுதுகொண்டிருந்த மகனின் மட்டையைத் தானே எடுத்துக்கொண்டு அவனோடு நடந்தார். என்னையறியாமல் கைதட்டிவிட்டேன்.

ரகு அந்த அணியில் இருந்திருக்க வேண்டியவன். அந்தக் கோபம் தீரவில்லை. ஆனால் இப்படி ஒரு மனுஷனை எங்கள் பள்ளியில் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ரகு ஓடிவந்து, “அந்த ஆளு தோத்தாராப்பா?” என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. சந்தோஷமாகத் தூங்குகிறான்.