அண்ணனின் இடம்

1996 செப்டெம்பர் 3, செவ்வாய்

அணிப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். சேஃப்டி: அலெக்ஸாண்டர். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், கஸ்பர். நான்தான். போன வருடமும் இதே வரிசைதான்.

சேஃப்டி என்றால் எல்லாருக்கும் பின்னால் நிற்கிற கடைசி ஆள். பந்தோடு ஓடிவருபவன் மற்றவர்களைத் தாண்டிவிட்டால் குறுக்கே பாய்ந்து விழுத்த வேண்டியவன். அலெக்ஸ் அண்ணாவைத் தாண்டி அதிகம் பேர் போனதில்லை. அவர் பெரியம்மாவின் ஒரே மகன், பல்கலைக்கழகத்தில் நாலாம் வருடம். பள்ளிக்கூட நாட்களில் என்னை இந்த விளையாட்டுக்குள் இழுத்துவிட்டவரும் அவர்தான்.

அப்பா இன்றும் கேட்டார்: "கையாலை தூக்கிக்கொண்டு ஓடுறீங்கள், பிறகேன் உதுக்குப் புட்போல் எண்டு பேர்?" ஆனால் தொழிற்சாலையில் எல்லாரிடமும் பெருமையடிக்கிறாராம்.

செப்டெம்பர் 7, சனி

வென்றோம். அண்ணா இரண்டு பந்தை இடையில் பறித்தார். என் உடுப்பில் ஒரு புல்கூட ஒட்டவில்லை.

செப்டெம்பர் 21, சனி

மூன்றாம் காற்பகுதியில் எதிரணி ஓட்டக்காரன் ஒருத்தன் நேராக வந்தான். இருநூற்றிருபது றாத்தல் இருப்பான். அண்ணா தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தார். ஹெல்மெற்றுகள் மோதிய சத்தம் நாங்கள் இருந்த வாங்குவரை கேட்டது. அவன் விழுந்தான். சனம் எழும்பி நின்று கத்தியது.

அண்ணா எழுந்து, கையை உயர்த்திக் காட்டி, ஆறுதலாக நடந்துபோய் எதிரணியின் வாங்கில் இருக்கப் பார்த்தார். பகிடி விடுகிறார் என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் மூன்று தரம் கேட்டார்: "டேய், ஆர் வெண்டது?"

மூன்று தரமும் சொன்னேன்.

செப்டெம்பர் 23, திங்கள்

நூலகத்தில் அண்ணா தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தார். லைற் குத்துகிறதாம்.

"ரீம் தெரபிஸ்டிட்டைக் காட்டுவம், அண்ணா."

"விசரே உனக்கு? ஒக்டோபர் அஞ்சிலை சம்பளத்துக்கு விளையாடுற ப்ரோ ரீமிலை இருந்து ஆள் வாறான், என்னைப் பாக்க. எங்கடை ஆக்களிலை ஆர் அந்தளவுக்குப் போனது?"

தொப்பியை உயர்த்தி என் முகத்தைப் பார்த்தார். "நீ வாயைத் திறந்தால் ஆருக்கு அந்த இடம் கிடைக்கும் எண்டு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்."

அவர் வாயிலிருந்து இப்படி வருமென்று நான் நினைக்கவேயில்லை.

செப்டெம்பர் 26, வியாழன்

தலையில் அடிபட்டால் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லிச் சோதிப்பார்கள். அண்ணா அதைப் பாடமாக்குகிறார். வீட்டுக்குப் போகும் லோறன்ஸ் வீதிப் பஸ்ஸில் நான் கேட்க அவர் சொல்கிறார். டிசம்பர், நவம்பர், ஒக்டோபர், ஓகஸ்ட்...

"செப்டெம்பரை விட்டிட்டீங்கள்."

திரும்ப முதலிலிருந்து. ஆறாம் தரம்தான் சரியாக வந்தது. நான் கைதட்டினேன்.

ஏன் கைதட்டினனான்?

செப்டெம்பர் 28, சனி

இன்றைக்கும் அடி. முதலாவதைவிடச் சின்னது, ஆனால் எழும்ப நேரமெடுத்தது. தெரபிஸ்ட் அவரைக் கோட்டுக்கு வெளியே கூட்டிவந்து மாதங்களைக் கேட்டாள். டிசம்பரிலிருந்து ஜனவரி வரை தண்ணீர் மாதிரிச் சொன்னார். அவள் தலையாட்டினாள். திரும்பப் போய் விளையாடினார்.

விளையாட்டு முடிந்ததும் உடுப்பு மாற்றும் அறைக்குப் பின்னால் சத்தி எடுத்தார். நான் ஹெல்மெற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். "காலமை சாப்பிட்ட முட்டை" என்றார்.

செப்டெம்பர் 29, ஞாயிறு

முட்டை இல்லை.

ஒக்டோபர் 2, புதன்

பின்னேரம் நாலு மணிக்குத் தொலைபேசி. அண்ணா.

"கஸ்பர், நான் எங்கை நிக்கிறன்?"

முதலில் பகிடி என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"சுத்தி என்ன தெரியுது, அண்ணா?"

"ஒரு போன் பெட்டி. அங்காலை தமிழ்க் கடை. வாசல்லை வாழைக்குலை தொங்குது. பஸ்ஸாலை இறங்கிட்டன். ஏன் இறங்கினனான் எண்டு தெரியேல்லை. எந்தப் பக்கம் போறதெண்டு..."

"கடையின்ரை பேரை வாசியுங்கோ."

எழுத்து எழுத்தாக வாசித்தார். எனக்குத் தெரிந்த கடை. வோபர்னில் நிற்கிறார். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம்கூட இல்லை. ஒன்பது வருடமாக அந்தப் பாதையால்தான் போய்வருகிறார்.

"அசையாதேங்கோ. போனை வையாதேங்கோ" என்றேன். பிறகு நான்தான் வைக்க வேண்டியிருந்தது. அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு போனேன், ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டியும்விட்டேன். அந்தப் பெட்டிக்குள்ளேயே நின்றார். ரிசீவர் இன்னமும் கையில்.

காரில் ஏறியதும் சொன்னது: "அம்மாவுக்குச் சொல்லாத."

ஒக்டோபர் 3, வியாழன்

சொன்னால் அவருடைய நாலு வருட உழைப்பு போச்சு. சொல்லாவிட்டால்?

சனிக்கிழமை அந்த ப்ரோ ரீம்காரன் வருகிறான். ஒரு ஆட்டம். ஒரே ஒரு ஆட்டம்தானே என்கிறார். ஒரு ஆட்டத்தில் எத்தனை மோதல்? போன கிழமை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

உண்மையை எழுதவேணும், இது என்ரை கொப்பிதானே. அந்த இடம் எனக்கு வேணும். இரண்டு வருசமா வேணும். நான் போய்ச் சொன்னால் அவருக்காகச் சொல்லுறனோ, எனக்காகச் சொல்லுறனோ? இரண்டையும் பிரிச்சு எடுக்க எனக்குத் தெரியேல்லை.

ஒக்டோபர் 4, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும். எதிரணி வாங்கு, சத்தி, போன் பெட்டி. மாதங்களை நான்தான் பாடமாக்க உதவினேன் என்பதையும். தெரபிஸ்ட் பேனையை மேசையில் வைத்துவிட்டாள்.

"நாளைக்கு நீதான் இறங்குவாய், விளங்குதா?" என்று கேட்டாள். குற்றம் சாட்டுவது மாதிரிக் கேட்கவில்லை. ஆனாலும் காது சுட்டது.

அரை மணி கழித்து அண்ணாவைக் கோச் கூப்பிட்டார். வெளியே வந்த அண்ணா என்னைக் கடந்து போனார். ஒரு தூணைக் கடந்து போகிற மாதிரி.

ஒக்டோபர் 5, சனி

விளையாடினேன். முதல் ஐந்து நிமிடம் தேவைக்கு மேல் பின்னாலேயே நின்றேன். பிறகு ஒருத்தனை விழுத்தினேன், இன்னொருத்தனை, மூன்றாமவன் என்னை ஏமாற்றிப் போய்விட்டான். நாலாம் காற்பகுதியில் பந்து என் கைக்குள் வந்து விழுந்தது.

அந்தக் கணம் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று ஆரிடமும் சொல்ல முடியாது.

அண்ணா சாதாரண உடுப்போடு கடைசி வரிசையில் இருந்தார். ப்ரோ ரீம்காரன் இடைவேளைக்கு முன்பே போய்விட்டான். உடுப்பு மாற்றும் அறையில் ஒருத்தரும் என் முதுகில் தட்டவில்லை. "அண்ணனை வித்தவன்" என்று ஆரோ ஆங்கிலத்தில் சொன்னான். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 14, திங்கள்

தாங்ஸ்கிவிங் லீவு. பெரியம்மா வீட்டில் விருந்து. பெரியம்மா வான்கோழியைத் துண்டு போட்டுக் கறியாக்கியிருந்தா. அண்ணா அறையை விட்டு வரவில்லை. அப்பாவும் அம்மாவும் சாப்பாட்டைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

குசினியில் பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டா. ஏசப்போகிறா என்று தயாராக நின்றேன்.

"எப்ப முதல் அடி பட்டது?"

"இருபத்தோராம் திகதி."

"நீ எப்ப சொன்னனி?"

"நாலாம் திகதி."

"ரெண்டு கிழமை." விரலைக் காட்டினா. "ரெண்டு கிழமை, கஸ்பர். தெரபிஸ்டிட்டைச் சொன்னதுக்கு நான் உன்னில கோவிக்கேல்லை. எனக்கு ஏனடா சொல்லேல்லை? நான் ஒவ்வொரு நாளும் அவனுக்குச் சாப்பாடு கட்டிக் குடுத்து அனுப்பினனானெல்லே."

அவ கழுவிவைத்த கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினேன்.

ஒக்டோபர் 17, வியாழன்

அண்ணாவின் ஸ்கான் முடிவு வந்தது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் இரத்தக் கசிவு. மெல்லியது. வெட்டத் தேவையில்லை, பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் விளையாட்டு இனி இல்லை. இந்த வருடம் மட்டுமல்ல.

இன்னொரு அடி பட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தாராம். அண்ணா எழும்பி வெளியே போய்விட்டாராம். அம்மா சொன்னா.

ஒக்டோபர் 18, வெள்ளி

அண்ணாவுக்குப் போன் எடுத்துப் பார்த்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார்.

நவம்பர் 2, சனி

கடைசி ஆட்டம். தோற்றோம். மழை, ஐந்து பாகைக் குளிர். கோச் கையைக் குலுக்கி, "அடுத்த வருடம் இடம் உன்னுடையது" என்றார். நான் கேட்க ஏங்கிய வசனம். நன்றி என்றேன். சப்பாத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டு கனநேரம் இருந்தேன்.

டிசம்பர் 11, புதன்

நேற்று அண்ணாவே அழைத்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு.

"நாளைக்கு ஆஸ்பத்திரி. தனியப் போகக்கூடாதாம். அம்மாவுக்கு லீவு இல்லை. நீ வாறியோ?"

வெள்ளிக்கிழமை எனக்குப் பரீட்சை. "வாறன்" என்றேன்.

இன்று பஸ்ஸில் பக்கத்தில்தான் இருந்தார். மெலிந்துவிட்டார். பஸ் கென்னடி ரயில் நிலையத்தை நெருங்கியபோது யன்னலைப் பார்த்தபடி, "உன்னை மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காத."

"இல்லை, அண்ணா."

"வாற வருசம் விளையாடுறியோ?"

"தெரியாது."

"விளையாடு. தலையைக் குனிஞ்சுகொண்டு பாயாத. நெஞ்சாலை போ." சுரங்க ரயிலுக்குள் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். அண்ணாதான், "இவன் நிக்கட்டும்" என்றார். வயதான டாக்டர், பெரிய எழுத்தில் எழுதுகிறவர். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, விளையாடத் தொடங்கியதிலிருந்து மொத்தம் எத்தனை தரம் தலையில் பலமாக அடிபட்டது என்று கேட்டார்.

அண்ணா குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார். டாக்டர் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எனக்குத் தெரிந்ததையெல்லாம் மனதுக்குள் கூட்டினேன்.

"நாலு" என்றேன்.

டாக்டர் எழுதினார்.

அண்ணா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐஞ்சு" என்றார்.