பச்சையில் நிற்கும் பெயர்

திருவொற்றியூர்
12.8.2003

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் கன்டெய்னர் யார்டில், சற்று நேரம் தொடாமல் விட்டால் கம்ப்யூட்டரே தன் கணக்கிலிருந்து ஆளை வெளியேற்றிவிடும்; மறுபடி பெயர் கொடுத்து நுழைய வேண்டும். பெட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அலுத்துக்கொண்டதால் அந்தக் கால வரம்பை நான்தான் எடுத்துவிட்டேன். போன வாரம் அப்படி வெளியே போன லோகநாதன் அண்ணன் மாரடைப்பில் இறந்துவிட்டார். திரையில் அவர் பெயர் இன்னும் ‘பணியில்’ என்று பச்சையாக நிற்கிறது.

“அண்ணாத்த இன்னும் வேல பாத்துகினு கீறாரு” என்றான் கூட வேலை செய்யும் தீனா. சிரிக்க முயன்றான், முடியவில்லை.

நான்தான் அவரை வெளியேற்ற வேண்டும். ஒரு பொத்தான்தான். கை எழவில்லை.

பயப்படாதீர்கள், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். என் பழைய போர்வையை மட்டும் அனுப்புங்கள். இதையும் எழுதுங்கள்: ரேஷன் கார்டில் அப்பா பெயரை நீக்கச் சொல்லி எப்படிம்மா போய் நின்றீர்கள்?

ஷிப்டு வண்டி வந்துவிட்டது.

மகிமா