அந்த வருடம் கொடி தூக்கியவன்

என் அருமை மாப்ள சிக்கந்தருக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. உயிரோடு இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை. இப்போது நம் பள்ளிக்கூடத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். பழைய மாணவர் யாராவது எழுதுங்கள் என்று தலைமை ஆசிரியர் கேட்டதும், படித்தவர்கள் எல்லாம் குனிந்துகொண்டார்கள். கணக்கில் முப்பத்தைந்து வாங்கிப் பத்தாவதோடு நின்ற நான் கையைத் தூக்கிவிட்டேன். கல்லலில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிற கை, பேனாவைத் திருப்புளி மாதிரிதான் பிடிக்கிறது. பொறுத்துக்கொள்.

பள்ளிக்கூடத்தை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. வருகைப் பதிவுகூட செல்போனில்தான். ஆனால் காலையில் பிரேயர் மணி அடித்ததும் மைதானம் நிறைந்த அத்தனை பிள்ளைகளும் சட்டென்று அடங்கி, வேப்பமரத்துக் காக்கா சத்தம் மட்டும் கேட்குமே, அந்த நொடி அப்படியே இருக்கிறது. என் மகள் கயல் அங்கேதான் பிளஸ் ஒன் படிக்கிறாள். நம்மைப் போலவே ‘எச்’ பிரிவு. ‘ஏ’ பிரிவில் இருப்பவன் கலெக்டர் ஆவான், ‘எச்’ பிரிவில் இருப்பவன் கலெக்டருக்கு நாற்காலி போடுவான் என்று நீதான் சொல்வாய்.

கொடி வழக்கமும் மாறவில்லை. விளையாட்டு விழா அணிவகுப்பில் பள்ளிக் கொடியைப் பிடித்து முன்னால் நடப்பது முதல் மதிப்பெண் வாங்கியவன் இல்லை, ஓட்டத்தில் ஜெயித்தவனும் இல்லை. அந்த வருடம் ஒரு நாள்கூட லீவு போடாதவன். பலர் இருந்தால் சீட்டுக் குலுக்குவார்கள். நம்மைப் போன்றவர்களுக்காக எந்தப் புண்ணியவான் வைத்த வழக்கமோ! நாம் பத்தாவது படித்த வருடம், பொங்கல் லீவு முடிந்தபோது மிச்சம் இருந்தது இரண்டே பேர். நீயும் நானும்.

நான் மிச்சம் இருந்ததே உன்னால்தான். நேமத்தான்பட்டிக் கல்யாணத்தில் மூன்று பந்தி உட்கார்ந்துவிட்டு, மறுநாள் கொல்லைப்பக்கத்தை விட்டு நகர முடியாமல் நான் கிடந்தேன். வகுப்பில் உன் எண்ணுக்கு உன் குரலிலும், என் எண்ணுக்கு என் கட்டைக் குரலிலும் நீயே ‘உள்ளேன் ஐயா’ சொன்னாய். சார் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அப்புறம் உன் வாப்பா சவுதிக்குப் போகிற நாள் வந்தது. வழியனுப்ப நீ திருச்சிக்குப் போக வேண்டும்.

“மாமோய், நாளைக்கு எனக்கும் ஒரு குரல் குடுத்துரு.”

“இதெல்லாம் சொல்லணுமாடா? நீ பிளேன் பாத்துட்டு வா.”

மறுநாள் உன் எண்ணைச் சார் ஒரு தடவை கூப்பிட்டார். இன்னொரு தடவையும் கூப்பிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ வந்து கேட்டபோது, “சார் என் மூஞ்சியவே பாத்தாரு மாப்ள, பயந்துட்டேன்” என்றேன்.

“விடு மாமா. உனக்குப் பயம் வர்றது என்ன புதுசா?” என்று சிரித்தாய்.

விழா அன்று கொடியோடு நான் முன்னால். பேண்டு செட்டின் பெரிய டிரம்மைக் கட்டிக்கொண்டு எனக்கு நேர் பின்னால் நீ. கால் மாற்றி மாற்றிப் போட்ட என்னை, “இடது காலு மாமா, இடது! சோறு திங்கிற கைப் பக்கம் இல்லடா, பீச்சாங்கைப் பக்கம்!” என்று டிரம் சத்தத்துக்குள்ளேயே திட்டி மேடைவரை கொண்டுபோய்ச் சேர்த்தாய். அந்தப் போட்டோ என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. என் நெஞ்சு நிமிர்ந்திருக்கும். உன் முகம் கொடிக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை கயலுக்குக் காய்ச்சல். இந்த வருடம் அவள் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. விழாவுக்குப் பத்து நாள்தான். நடுங்கிக்கொண்டே புத்தகப் பையை மாட்டிவிட்டாள்.

“தொட்டுப் பாருங்க, தோசைக்கல்லு மாதிரி சுடுது. எல்லாம் நீங்க அந்தப் போட்டோவக் காட்டிக் காட்டி வளத்ததுதேன்” என்று என் மனைவி கத்தினாள்.

“அப்பா ஒரு நாளும் லீவு போடல. நான் மட்டும் போடணுமா?” என்றாள் கயல்.

அவளை உட்காரவைத்துக் கல்யாணப் பந்தியிலிருந்து சொன்னேன். என் மனைவி சிரித்துவிட்டாள். கயல் சிரிக்கவில்லை.

“உங்களையத்தான் பாத்தாரா அந்த சாரு?”

“இல்லத்தா.”

“பெறகு ஏன் சொல்லல?”

மாப்ள, அன்றைக்கும் சார் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. எனக்குப் பயமும் இல்லை. நீ இருந்தால் சீட்டுக் குலுக்குவார்கள். நீ இல்லாவிட்டால் கொடி எனக்கு. அவ்வளவுதான். உன்னிடம் சொன்ன பொய்யை இத்தனை வருடமும் நானே நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் எனக்கு இடது கால் எது என்று சொல்லிக்கொண்டே வந்தாயா?

கயல் பையை இறக்கிவைத்தாள். “அவுக வீட்ல யார்கிட்டயாச்சும் சொன்னீகளா?” என்று கேட்டாள். எனக்கு உன் உம்மா ஞாபகம்தான் வந்தது. போன பெருநாளுக்குத் தேவகோட்டையில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். “வாங்க தம்பி” என்று உட்காரவைத்துப் பாயசம் கொடுத்துவிட்டு, எப்போதும் சொல்வதையே சொன்னார்கள். “அன்னைக்கு அவன் வரலேன்னுதேன் சொன்னான். நாந்தேன் கையப் பிடிச்சுத் திருச்சிக்கு இழுத்துட்டுப் போனேன். என்னாலதேன் எம்புள்ளைக்குக் கொடி போச்சு.”

நான் தலையை ஆட்டினேன். இன்னொரு கிளாஸ் பாயசமும் வாங்கிக் குடித்தேன்.

கயலுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இந்த வருடம் கொடியை வேறு பிள்ளை தூக்கும். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். என்னோடு பேச்சைக் குறைத்துவிட்டாள்.

இந்த மலர் அச்சாகி உன் வீட்டுக்கும் வரும். உன் தங்கை உம்மாவுக்கு வாசித்துக் காட்டும். அவர்கள் இதைக் காகிதத்தில் கேட்கக் கூடாது. வருகிற வெள்ளிக்கிழமை தேவகோட்டை பஸ் ஏறுகிறேன். “நானும் வாரேன், நடுவுல எறங்கித் திரும்பிருவீக” என்கிறாள் கயல். வரட்டும். உம்மா முன்னால் உட்கார்ந்து, “நீங்க இழுத்துட்டுப் போனதால இல்ல உம்மா, நான் வாயத் தொறக்காததாலதேன்” என்று சொல்வேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். வெளியே போ என்றால் வாசலில் நிற்பேன். சொல்லாமல் ஊர் திரும்ப மாட்டேன், இது சத்தியம்.

உன்னைவிட மூன்று நாள் மூத்த ஒரே தகுதியில்,
உன் மாமன்
ராசு, கல்லல்