குழாய்க்குள் சிவப்புப் பொட்டு

தை 20, செவ்வாய் இரவு.

காட்டுப்பன்றிகள் பாதி மரவள்ளியைத் தோண்டித் தின்றுவிட்டன. துப்பாக்கிக்குக் குறிபார்க்கும் கருவி வாங்கத் தம்பியோடு சேலம் போனேன். கடைக்காரர் இரண்டு காட்டினார். புதிதாக இருந்த சீமைக் குழாய் எட்டாத விலை. இன்னொன்று யாரோ விற்றுவிட்டுப் போனது, மேலே கீறல், ஆனால் விலை என் கைக்கு அடங்கும். கண்ணில் வைத்தால் உள்ளே சிவப்புப் பொட்டு எரிகிறது. பொட்டு எதன்மேல் நிற்கிறதோ அதில் குண்டு பாயும்.

கடைவாசலில் நின்று வெறும் குழாயை மட்டும் கண்ணில் வைத்துப் பார்த்தேன். எதிரே டீக்கடை ஓரம் கறுப்பாக ஒரு மூட்டை. அதன் நடுவில் பொட்டை நிறுத்தினேன்.

"பொட்டு தெரியுதுங்களா?" என்றார் கடைக்காரர்.

"நல்லாத் தெரியுதுங்க."

மூட்டை எழுந்து சாலையைத் தாண்டி வந்தது. "என்னங்ண்ணா, புடிச்சுதுங்களா?" என்று கேட்ட பிறகுதான் அது டீ குடிக்கப் போயிருந்த தம்பி என்று தெரிந்தது.

கீறல் விழுந்ததையே வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் அவனுக்கு ஒரே குஷி. "இனி பன்னி தப்பாதுங்ண்ணா. நீங்க காவலுக்கு நின்னா நான் பயமில்லாமத் தண்ணி கட்டுவேன்."

ராத்திரியில்தான் கரண்ட் விடுகிறார்கள். இருட்டில், செடிகளுக்கு நடுவே குனிந்துதான் அவன் மடை மாற்றுவான். கண் போய்விட்டது என்று அவனிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

இப்போது தோட்டத்திலிருந்து கூப்பிடுகிறான். "பன்னி வந்துருச்சுங்ண்ணா, வாங்க!"

மறுபடியும் கூப்பிடுகிறான். விளக்கை அணைத்துவிட்டு, தூங்கிப்போனவன் மாதிரிப் படுக்கப் போகிறேன்.